பொட்டு இருக்கு, பார்த்துக்கிடுங்க

ஆயுத பூசைக்கு மூன்று வாரம் இருக்கும்போதே மகேஸ்வரி போன் செய்துவிட்டாள். பேட்டையில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் பட்டறையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அழுக்கான கீபோர்டைக் கெடுக்காமல் எப்படிச் சுத்தம் செய்வது என்று ஒரே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். பட்டறை பார்த்துக்கொள்ளும் ஆபீசுகளுக்கெல்லாம் அதை அச்சடித்துக் கொடுக்கப் போகிறாளாம். பூசைக்கு முன்னால் கொடுத்துவிட்டால், மறுநாள் வந்து குவிகிற கீபோர்டுகள் கொஞ்சமாவது குறையும் என்று நினைக்கிறாள்.

ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் வாங்காத கருவி இந்த ஊரில் கிடையாது. லேத், தராசு, தையல் மிஷின், பஸ் ஸ்டீயரிங் என்று இருந்த வரிசையில் கம்ப்யூட்டரும் வந்து உட்கார்ந்துகொண்டது. மானிட்டருக்கு நெற்றி என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கீபோர்டில் வைப்பதுதான் வினை. ஈரச் சந்தனம் பட்டனுக்கு இடையில் வழிந்து கெட்டித்துப் போகும். அமுக்கின பட்டன் மேலே வராது. சாமி காரியம் என்பதால் வைத்தவரைத் திட்டவும் முடியாது.

எழுதி அனுப்பினேன். மறுநாள் மகேஸ்வரி மறுபடியும் கூப்பிட்டாள். குரலிலேயே தயக்கம் தெரிந்தது.

"அண்ணாச்சி, எல்லாம் நல்லா இருக்கு. அந்த முதல் வரியை மட்டும் எடுத்திருவோமா? படிக்கிறவங்க சிரிப்பாங்க."

முதல் வரி இதுதான்: வேலையைத் தொடங்கும் முன், கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பட்டன்களையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கவும்.

"அதை எடுத்தா மிச்சத்தையும் எடுத்திரு" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு எனக்கே சங்கடமாக இருந்தது. காரணம் சொல்லாமல் முறைத்துக்கொள்வது கிழவர்களின் பழக்கம். அறுபது வயதில் அதைத் தொடங்க வேண்டாம் என்று பார்க்கிறேன். அந்தக் காரணம் ஒரு பக்கத்தில் அடங்காது, அதனால் தனியாக எழுதுகிறேன்.

நான் படித்தது ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக். இரண்டு மூன்று கடைகளில் டி.வி. பிரித்துப் பூட்டிவிட்டு, கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று தெரியாமலே இந்தப் பட்டறைக்கு வந்தேன். வந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை கீபோர்டு துடைப்பது. அப்போது கீபோர்டு விலை அதிகம், பழுதானால் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். டி.வி.யையே பிரித்தவனைத் துடைக்கவா விடுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. அந்த ஆத்திரத்தை ஒரே வாரத்தில் இறக்கி வைத்தவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி.

அவர்தான் பட்டறையின் தலைமை மெக்கானிக். வயலும் தோப்புமாக இருந்த சைவக் குடும்பம். எல்லாம் கைமாறிப் போன பிறகு இவர் ஸ்குரூ டிரைவரைப் பிடித்தார். நெற்றி நிறையத் திருநீறு, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, சத்தமே இல்லாத பேச்சு. அவர் கோபத்தைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. சாதாரணமாக எங்களை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். என்னைப் பார்த்து 'வாங்க இசக்கி, உட்காருங்க இசக்கி' என்று ஆரம்பித்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

கீபோர்டு வந்ததும் அவர் முதலில் செய்வது, ஒரு பழைய தினசரியை மேசையில் விரித்து, அதன்மேல் கீபோர்டைக் கவிழ்த்து, முதுகில் உள்ளங்கையால் பைய நாலு தட்டுத் தட்டுவது. விழுந்ததைக் குனிந்து பார்த்துவிட்டு அது யாருடையது என்று சொல்லிவிடுவார். சுண்ணாம்புத் துகளும் வெற்றிலை நரம்பும் கிடந்தால் பத்திரம் எழுதுகிறவர். மீன் செதில் கிடந்தால் மீன் சந்தையில் கணக்கு எழுதுகிறவர். திசையன்விளையிலிருந்து வருகிற கீபோர்டுகளில் செம்மண்ணும் கருப்பட்டிக் காப்பிப் பிசுக்கும் சேர்ந்திருக்கும். அல்வா நெய் எந்த ஊர் கீபோர்டிலும் உண்டு. குனிந்து வேலை செய்கிற சைவர்களின் கீபோர்டிலிருந்து திருநீறு கொட்டும். அந்தத் தாளை மட்டும் குப்பையில் போட விடமாட்டார். பட்டறை வாசலில் நின்ற அரளிச்செடியின் தூரில் கொண்டுபோய்த் தட்டிவிட்டு வருவார். காலில் மிதிபடக் கூடாதாம்.

அவருடைய முறையைத்தான் மகேஸ்வரிக்கு எழுதிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் வயரைப் பிடுங்க வேண்டும். அந்தக் காலத்து உருண்டை முனை வயரை ஓடுகிற மிஷினிலிருந்து பிடுங்கினால் உள்ளே ஏதாவது ஒன்று போய்விடும். அப்புறம் பெயின்ட் பிரஷ்ஷால் ஓரம் ஓரமாகத் தள்ளி, பிளோயரைச் சாய்த்துப் பிடித்து விட்டு விட்டு ஊத வேண்டும். நேராகப் பிடித்து ஊதினால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். பட்டனைக் கழற்றும் முன்னால் எது எங்கே என்று ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும். எல்லாம் மனதில் இருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். "மனசு நாளைக்கு லீவு போடும்லே, தாள் போடாது" என்றார். நீளப் பட்டனை மட்டும் தொடவே மாட்டார். அதன் அடியில் ஒரு கம்பி வளைந்து கிடக்கும். கழற்ற ஒரு நொடி, மாட்ட ஒரு மத்தியானம்.

கழற்றிய பட்டன்களைச் சோப்புத் தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியில் பரப்பி நிழலில் உலர்த்துவோம். எங்கள் ஊர் வெயிலில் வைத்தால் ஓரம் வளைந்துவிடும். அடிப்பலகையில் தண்ணீரோ ஸ்பிரிட்டோ ஊற்றக் கூடாது, பஞ்சில் நனைத்துப் பிழிந்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும். தின்னர் கிட்டவே வரக் கூடாது, எழுத்தே அழிந்துபோகும். தண்ணீர் உள்ளே இறங்கிய கீபோர்டாக இருந்தால் கவிழ்த்துப் போட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிடுவார். அவசரப்பட்டு எடுத்தால், "தொட்டாக் காஞ்சமாதிரி இருக்கும்லே, உள்ளுக்குள்ள காஞ்சிருக்காது" என்பார். அப்போது எனக்கு அது கீபோர்டைப் பற்றிய பேச்சாகத்தான் கேட்டது.

இப்போது பிலோமினாவிடம் வருகிறேன். இத்தனை நேரம் சுற்றியதே அங்கே வருவதற்குத்தான்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கம்பெனியின் கிளை ஆபீசுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்தான் போய் மிஷின்களைப் பார்ப்பேன். அங்கே பிலோமினா என்று ஒரு பெண் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தாள். உவரிக்காரி. அப்பாவுக்குக் கடல் தொழில். சிறுவயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் கண் பார்வை போய்விட்டது. பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் தங்கி, சனிக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புவாள். மேனேஜர் டேப்பில் பேசி வைக்கிற கடிதங்களைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே தமிழில் அடித்துவிடுவாள். அடித்ததைத் திருப்பி வாசித்துக் காட்டுகிற வசதி அந்தக் காலத்து மிஷினில் தமிழுக்குக் கிடையாது. பட்டன் ஒன்று தள்ளி விரல் விழுந்தால் பக்கம் முழுவதும் வேறு ஏதோ பாஷையாகிவிடும், அவளுக்குத் தெரியவே தெரியாது. விரலை மட்டும் நம்பி ஓடிக்கொண்டிருந்த வேலை அது.

அந்த வருடம் ஆயுத பூசை முடிந்த அடுத்த வாரம், தலைமை ஆபீசிலிருந்து இரண்டு அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று மேனேஜர் பரபரத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை பத்து மணிக்குப் பிலோமினாவுக்கு அவர்கள் பரீட்சை வைப்பார்கள். தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதிகாரிகள் வருவதால் எல்லா மிஷினும் பளபளவென்று இருக்க வேண்டுமாம். அதற்காக வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னை வரச் சொன்னார்கள். நான் போனபோது பிலோமினா விடுதிக்குப் போய்விட்டாள். ஆபீஸ் உதவியாளர் மாடசாமி சாவிக்கொத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை ஒண்ணு சொல்லிட்டுப் போச்சு" என்றார். "கீபோர்டுல பொட்டு இருக்காம். பாத்துக்கிடணுமாம்."

அவர் சொன்னது அவ்வளவுதான். பொட்டு என்ற சொல்லை ஆயுத பூசைக்கு அடுத்த வாரத்தில் ஒரு கீபோர்டு மெக்கானிக் எப்படி எடுத்துக்கொள்வான்? அதுவும் அந்த ஆபீஸ் முழுக்கச் சந்தனம் வைத்தவரே மாடசாமிதான். பிலோமினாவின் கீபோர்டைத் திருப்பிப் பார்த்தேன். சரியாகப் பதினோரு பொட்டு. மஞ்சளும் பழுப்புமாக, கடுகை விடக் கொஞ்சம் பெரியதாக, சில பட்டன்களின் நடுவில் மட்டும் இருந்தன. மற்ற கீபோர்டுகளில் ஓரமாக ஒன்றுதான். பரீட்சை எழுதப்போகிற பெண் அல்லவா, வேண்டுதல் பெரிதாக இருக்கும் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. நல்ல சந்தனம்போல என்று நினைத்தேன். ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்து ஒவ்வொன்றின்மேலும் கொஞ்ச நேரம் வைத்தேன். இளகியதும் மூங்கில் குச்சியால் கீறல் விழாமல் எடுத்தேன். பதினொன்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஆபீசிலேயே அதுதான் ஆகச் சுத்தமான கீபோர்டு. விளக்கடியில் சாய்த்துப் பார்த்துவிட்டு நல்ல திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலையில் மேனேஜர் பட்டறைக்குப் போன் செய்து கத்தினார். அண்ணாச்சி என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனார்.

பிலோமினா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் கீபோர்டின்மேல் இருந்தன, அடிக்கவில்லை. விரல்கள் மட்டும் மெதுவாக அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் அவள் காலையில் அடித்த கடிதம் கிடந்தது. 'அன்புடையீர்' இருக்க வேண்டிய இடத்தில் எந்த மனிதனாலும் வாசிக்க முடியாத ஒன்று இருந்தது. யார் துடைத்தது என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

"எல்லாம் வழுவழுன்னு ஒண்ணுபோல இருக்கு" என்றாள். "நான் எங்கன இருக்கேன்னே தெரியல."

அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. வழி தப்பிய ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் நின்று விசாரிக்கிற குரலில் அதைச் சொன்னாள்.

அது பழைய கீபோர்டு. விரலுக்கு அடையாளமாகக் கம்பெனிக்காரன் வைத்த சின்ன மேடு இரண்டும் எப்போதோ தேய்ந்துவிட்டன. அதனால் அவள் அப்பா, வள்ளத்தின் பலகை இடுக்கில் தண்ணீர் ஏறாமல் பூசுவதற்கு எண்ணெய் விட்டுக் காய்ச்சுகிற குங்கிலியத்தில் சொட்டுச் சொட்டாக எடுத்து, அவள் காட்டிய பட்டன்களில் வைத்துக் கொடுத்திருக்கிறார். அதைத்தான் அவர்கள் வீட்டில் பொட்டு என்று சொல்வார்கள். 'பொட்டு இருக்கு, அழிஞ்சிராம பாத்துக்கிடச் சொல்லுங்க' என்று அவள் சொல்லிவிட்டுப் போனதில், நடுவில் இருந்த அந்த ஒரு சொல்லை மாடசாமி வழியில் எங்கேயோ போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதானே துடைத்தேன்.

அண்ணாச்சி என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"உவரிப் பிள்ளை. மாதா கோயிலுக்குப் போற வேதக்காரப் பிள்ளை. அதுக்கு எதுக்குச் சந்தனம்னு உங்களுக்குத் தோணலையா இசக்கி? சரி, மாடசாமி வச்சதாகவே இருக்கட்டும். தண்ணியில கரையாத சந்தனத்தை நீங்க எங்க பாத்திருக்கீங்க?"

நீங்க, உங்களுக்கு. அந்த மரியாதைக்கு நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

கருவிப்பெட்டியில் இருந்த பசையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். அது பரந்து ஓடித் தட்டையாகிவிட்டது. பிலோமினா தொட்டுப் பார்த்துவிட்டு, விரல் நிற்காமல் வழுக்குகிறது என்று தலையை ஆட்டினாள். காகிதத் துண்டு வெட்டி ஒட்டினோம், பத்து வரி அடிப்பதற்குள் உரிந்து வந்தது. மத்தியான பஸ்ஸுக்கு அவளுக்கு நேரமாகிவிட்டது. அண்ணாச்சி மேனேஜரிடம் கீபோர்டைச் சர்வீசுக்கு எடுத்துப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதை என் கையில் வைத்தார்.

"தொடச்சது நீங்க. நாளைக்கு உவரிக்குப் போறதும் நீங்க. சூடான சரக்கு, பட்டன் உருகிரும். கழத்தி வச்சுக்கிட்டு வேலையைப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீபோர்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு திசையன்விளைக்குப் போய் அங்கிருந்து உவரிக்கு வேறு பஸ் பிடித்தேன். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மணலில் வள்ளங்கள் வரிசையாக ஏறிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். பிலோமினாவின் அப்பா மிக்கேல், வெள்ளைச் சட்டை மாற்றாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

அவர் அடுப்பைப் பற்றவைப்பதைப் பார்த்துவிட்டு அந்த வழியாகப் போன ஒருவர், என்ன மிக்கேல், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா குங்கிலியம் காய்ச்சுகிறாய் என்று கேட்டார்.

"வள்ளத்துல கை வச்சாத்தான் குத்தம்" என்றார் மிக்கேல். "இது வள்ளம் இல்லலா."

பதினோரு பட்டன்களையும் கழற்றி, நனைந்த துணியின்மேல் வரிசையாக வைத்தேன். அடியில் ஈரம் இருந்தால் சூடு பட்டனைத் தாக்காது. அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். மிக்கேல் தகரத்தில் காய்ச்சியதை இறக்கி வைத்து, நூல் பதத்துக்கு வரும்வரை காத்திருந்து, ஒரு தென்னை ஈர்க்கால் தொட்டு முதல் பொட்டை வைத்தார். அது ஆறியதும் பிலோமினா தொட்டுப் பார்த்து, உயரம் போதாது என்றாள். இரண்டாவதை நான் வைத்தேன். ஓரமாகப் போய்விட்டது என்றாள். சுரண்டிவிட்டு மறுபடி வைத்தேன். இப்படியே உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. மிக்கேல் ஒன்றுக்கும் அலுத்துக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு, சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். அவள் அடித்துப் பார்த்துவிட்டு, திடீரென்று கீபோர்டை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டுப் பாருங்க."

மூடினேன். ஆயிரம் கீபோர்டு துடைத்தவன், ஒரு பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. விரல் எங்கேயோ போய் முட்டியது. அவள் சிரிப்பது கேட்டது. அப்புறம் என் ஆள்காட்டி விரல்கள் இரண்டையும் பிடித்து ஒரு இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு. பைய. இது ரெண்டும் கிடைச்சிட்டா போதும், மத்தது எல்லாம் தன்னால வரும்."

விரல் நுனியில் அந்த இரண்டு பொட்டும் தட்டுப்பட்டன. இன்னும் லேசாகச் சூடு இருந்தது. கண்ணைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பிரிண்டர் பார்க்க வந்ததாகச் சாக்குச் சொல்லிக்கொண்டு அந்த ஆபீஸ் வராந்தாவில் நின்றேன். அண்ணாச்சியும் வந்திருந்தார். அவர் சாக்குகூடச் சொல்லவில்லை. உள்ளே டேப் ஓடத் தொடங்கியதும் பட்டன் சத்தம் வந்தது, சீராக, வேகமாக. நடுவில் ஒருமுறை சத்தம் நின்றது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சத்தம் மறுபடி ஓடியது. டேப்பில் மேனேஜர் தும்மியிருக்கிறார், தும்மலை அடிப்பதா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்தாளாம். அப்புறம் அவளே சொன்னாள்.

இரண்டு பக்கத்தில் இரண்டு பிழை. அதிகாரிகள் அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்து ஸ்கூட்டரை மிதிக்கும்போது அண்ணாச்சி சொன்னார், "ஏலே இசக்கி, ஏறு. டீ குடிப்போம்." அந்த 'ஏலே'யைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் காலமாகிப் பதினைந்து வருடம் ஆகிறது. எல்லோரும் என்னை மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். என்னை ஏலே என்று கூப்பிட இந்த ஊரில் இப்போது ஆளே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டிய ஆபீசுக்கு மாதம் ஒருமுறை போனேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தூசி அதிகம் என்று சொல்லத் தயாராக இருந்தேன். வராந்தாவில் என் கருவிப்பெட்டி குலுங்கும் சத்தத்தை வைத்தே, "குங்கிலியம் வந்தாச்சு" என்பாள். எனக்கு அந்த ஆபீசில் அதுதான் பெயர். அவளுடைய கீபோர்டை நான் கண்ணை மூடித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் துடைப்பேன். எண்ணிக்கை சரியா என்று கேட்பாள், பதினொன்று என்பேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்பாள். அவள் கேட்பாள் என்று தெரிந்து, நான் பஸ்ஸைவிட்டு இறங்கித் தாமிரபரணிப் பாலத்தை நடந்தே கடந்து வருவேன். எந்தப் படி வரை முங்கியிருக்கிறது, மணல்திட்டு தெரிகிறதா, யார் குளிக்கிறார்கள், எல்லாம் சொல்ல வேண்டும். அவளுக்காகப் பார்த்த அளவுக்கு அந்த ஆற்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதைத் தமிழில் எழுத இவ்வளவு சின்ன வாக்கியம் போதும் என்று அப்போது தெரியவில்லை. அவள் மதம் வேறு, என் வீட்டில் சம்மதிப்பார்களா, மிக்கேல் என்ன நினைப்பார், ஒருவேளை இரக்கம் என்று அவள் நினைத்துக்கொள்வாளோ என்று ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் கிடைத்தது. பிறகு அவளுக்குக் கோயம்புத்தூரில் அரசாங்க வேலை கிடைத்துவிட்டது.

கடைசி நாள் நான் போயிருந்தேன். கம்பெனியே அந்தக் கீபோர்டை அவளுக்குக் கொடுத்துவிட்டது. அதைச் சுத்தம் செய்து, பதினொன்று இருக்கிறதா என்று பார்த்து, துண்டில் சுற்றிக் கொடுத்தேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள்.

இருந்தது. நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"தண்ணி கிண்ணி சிந்திட்டா உடனே மிஷினை அணைச்சு வயரைப் பிடுங்கிருங்க. கவுத்திப் போட்டு ஒரு நாள் முழுசா காய விடுங்க" என்றேன்.

துண்டின்மேல் அவள் விரல் எதையோ தேடுவதுபோல நகர்ந்தது.

"ஒரு நாள் போதுமா?" என்றாள்.

"போதும்" என்றேன்.

அப்புறம் அவளை நான் பார்க்கவில்லை. அங்கேயே கல்யாணமாகி நன்றாக இருக்கிறாள் என்று மிக்கேலை ஒருமுறை திசையன்விளைச் சந்தையில் பார்த்தபோது சொன்னார். எனக்கும் கல்யாணமானது. என் மனைவியிடம் இதை எப்போதோ சொல்லிவிட்டேன். "அன்னைக்கு வாயைத் தொறந்து ஒழுங்காப் பேசியிருந்தீங்கன்னா நான் தப்பிச்சிருப்பேன்லா" என்று அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆற்றில் புதுத் தண்ணீர் வருகிற நாளில் மட்டும் பாலத்தைத் தனியாக நடந்து கடப்பேன். மனைவி எங்கே போனீர்கள் என்று கேட்பதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மகேஸ்வரி மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டாள். பக்கம் அச்சுக்குப் போகிறதாம். முதல் வரி அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்து மாற்றவில்லை என்று என்னைச் சமாதானப்படுத்தினாள். கடைசி வரியில் மட்டும் ஒரு சின்னச் சந்தேகமாம்.

"ஒரு நாள் முழுக்கக் காயவிடணும்னு எழுதியிருக்கீங்க அண்ணாச்சி. ஒரு நாள் போதுமா?"

லைன் போய்விட்டதோ என்று அவள் இரண்டு முறை அண்ணாச்சி, அண்ணாச்சி என்றாள்.

"போதாதும்மா" என்றேன்.